முந்தலில் விழுந்த பனி

சத்தியமாகச் சொல்கிறேன், இனி நீங்கள் வாசிக்கப்போவதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. கை கால் முகம் கழுவி வுழு செய்துகொண்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மேற்கே பார்த்துக் கதிரையைப் போட்டு எழுதுகிறேன். என்னுடைய வயதில் பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொன்னாலும் நேற்று எதைச் சொன்னேன் என்பது இன்றைக்கு ஞாபகம் வராது. ஆகையால் உண்மைதான் எனக்கு வசதி.

முதலில் காரைச் சொல்லிவிட வேண்டும். என்னிடம் ஒரு சின்னக் கார் இருக்கிறது. எந்த நாட்டில் செய்தது என்று தெரியாது. பேர் அடித்த தகட்டை உப்புக் காற்றுத் தின்றுவிட்டது. முட்டைக்கருவின் மஞ்சள். உருண்டை. புத்தளத்தில் அதற்கு முட்டைக் கார் என்று பேர். இரண்டு பேர் ஏறலாம். மூன்றாவது ஆள் பொறுமைசாலியாக இருந்தால் அவரும் ஏறலாம். தென்மேற்குக் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கல்பிட்டி ரோட்டில் அதை நிறுத்துவதானால் உள்ளே உப்பு மூடை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலாவிச் சந்தியில் போய்த்தான் எடுத்துவர வேண்டும். ஒருமுறை அப்படி எடுத்துவந்திருக்கிறேன். பிரேக் இழுத்தபடியேதான் போயிருந்தது.

அந்தக் காரைக் கண்டு சிரிக்காத மனிதன் இல்லை. மறிக்கிற பொலிஸ்காரர் லைசென்ஸ் கேட்க மாட்டார், “உள்ளுக்கு எப்பிடி ஏர்றீங்க?” என்றுதான் கேட்பார். பெரிய பெரிய வாகனத்தில் வந்து இறங்குகிற ஆட்கள்கூடப் பக்கத்தில் வந்ததும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி அதன் மட்காட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். பின்னேர அஸர் தொழுதுவிட்டு அதைக் கடலேரிக் களப்புக் கரையில் கொண்டுபோய் நிறுத்திவைப்பது என் வழக்கம். கொழும்பு, குருநாகல் பக்கத்திலிருந்து வந்தவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். களப்பு, சூரியன், நடுவில் கார். பெண்சாதியைக் காரில் சாய்ந்து நிற்கச் சொல்வார்கள். ஒன்றிரண்டு படம் எடுத்த பிறகு பெண்சாதியைக் கொஞ்சம் விலகச் சொல்வார்கள்.

அப்படி ஒரு பின்னேரம் கரையில் நான் கடலை தின்றுகொண்டிருக்கும்போது றவூப் வந்து பக்கத்தில் குந்தினான்.

“காக்கா, பனி வேணும்.”

புத்தளத்தில் பனி கேட்டு வந்த முதல் மனிதன் அவன்தான்.

“எவ்வளவு?” என்று கேட்டேன்.

“ஒரு படத்துக்குக் காணும்.”

றவூப் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. உள்ளங்கால் இரண்டும் வெடித்து வெள்ளையாகிப்போன ஆள். பேச்சுக் குறைவு. அந்தக் குறையை அவன் பெண்சாதி ஹாஜரா தீர்த்துவைத்துவிடுவாள். மகன் அம்ஜத். இந்த அம்ஜத்தை ஒரு ஏஜன்சிக்காரன் கனடாவுக்கு அனுப்பினான். பாதிவழியில், ஏதோ ஒரு தேசத்து விமான நிலையத்தில் பிடித்து, ஒரு கதிரையில் இருத்திவைத்து, வந்த வழியே திருப்பி ஏற்றிவிட்டார்கள். அவன் கட்டுநாயக்காவில் இறங்கி வாப்பாவுக்குக் கோல் எடுத்த நேரம் வீட்டு முற்றத்தில் பெரிய சட்டி அடுப்பில் இருந்தது. மகன் இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான் என்று ஹாஜரா தானே முடிவுகட்டி, அந்தச் சந்தோஷத்துக்குத் தெருவையே சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நானும் நாலைந்து பேரோடு ஒரே சஹன் தட்டில் கை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

“ஆரு, மகனா?” என்று ஹாஜரா அகப்பையோடு கேட்டாள்.

“ஓம்.”

“சேந்துட்டானாமா?”

றவூப் சட்டியைப் பார்த்தான். சஹனைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்தான். “ஓம்” என்றான்.

அவன் சொன்ன ஒரே பொய் அந்த ‘ஓம்’தான். மிச்சப் பொய்யையெல்லாம் அவனுக்காக நான் சொல்லவேண்டியதாகிவிட்டது.

அம்ஜத்தை முந்தல் என்கிற ஊரில் சரீபின் இறால் பண்ணையில் கொண்டுபோய் விட்டோம். சரீப் என்னுடைய பழைய கூட்டாளி, ஒன்றும் கேட்காத மனிதன். பண்ணையின் கடைசிக் குளத்துப் பக்கத்தில் காவலுக்கு ஒரு வாடி, ஓலைக் குடிசை, இருக்கிறது. அதுதான் கனடா. இரவில் இறாலுக்குக் காவல், பகலில் தூக்கம். அங்கே இரவு என்றால் இங்கே பகல்தானே, அந்த விஷயத்தில் அவன் கனடா நேரத்தைச் சரியாகவே கடைப்பிடித்தான். உம்மாவுக்குக் கோல் எடுப்பான். முகம் காட்டச் சொன்னால் போனில் கெமரா உடைந்துபோய்விட்டது என்பான்.

“அது என்ன மகன் கடகடண்டு சத்தம்?” என்று ஹாஜரா கேட்பாள். குளத்துத் தண்ணீரைக் கடைகிற சக்கரத்தின் சத்தம்.

“பனி அள்ளுற மெசின் உம்மா.”

“பாங்கும் கேக்குதே?”

“இஞ்ச பக்கத்துல பள்ளி ஒண்டு இரிக்கி உம்மா.”

“மாஷா அல்லாஹ். இஞ்சயும் அதே நேரத்துலதான் சொல்றாங்க.”

போனை வைத்துவிட்டு வேலிக்கு மேலால் என்னிடம் சொல்லுவாள்: “காக்கா, அல்லாஹ்ட உலகம் எவ்வளவு பெரிசு, பாங்கு மட்டும் ஒரே நேரத்துல.” நான் “சுப்ஹானல்லாஹ்” என்பேன்.

வாரத்தில் ஒருநாள் றவூப் முட்டைக் காரில் என்னோடு முந்தலுக்கு வருவான். உப்பளத்துக்குக் கட்டிக்கொடுத்த சோறு அவன் மடியில் இருக்கும். அதை மகன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அம்ஜத் கடைசிப் பருக்கைவரை வழித்துத் தின்றுவிட்டு இலையை மடிக்காமல் கொஞ்சநேரம் வைத்திருப்பான். இருவரும் பேச மாட்டார்கள். திரும்பி வரும்போது றவூப் ஒரு வார்த்தை சொல்வான்: “ஆணத்துக்கு உப்புக் காணாதாம்.” வருஷத்தில் ஆறு மாதம் உப்பு வாருகிறவனின் வீட்டுக் குழம்பில் உப்புக் காணாது. எதையாவது சொல்லவேண்டும் என்று சொல்கிறான் என்று விட்டுவிடுவேன்.

இப்படி இருக்கும்போது ஹாஜரா, மகனுக்கு மாவனெல்லையில் பெண் பேசிவிட்டாள். ஸும்ரா என்று பெயர், படித்த பிள்ளை. கனடா மாப்பிள்ளை என்றதும் அவர்களுக்கும் சம்மதம். பெண்ணின் காக்கா, அண்ணன்காரன் றிஸ்மின், ஒன்றே ஒன்றுதான் கேட்டான், மாப்பிள்ளை அங்கே எடுத்த படம் ஒன்று. பனியோடு. காரோடு இருந்தால் இன்னும் நல்லது.

அதற்குத்தான் றவூப் கரைக்கு வந்து குந்தியிருந்தான்.

மழை கண்டு பல மாதமாகியிருந்தது. முந்தல் களப்பின் கரை உள்வாங்கி, விளிம்பு முழுக்க உப்புப் பூத்துக் கண் கூசுகிற வெள்ளையாகக் கிடந்தது. பனியை நான் நேரில் கண்டதில்லை. கண்டவர்கள் அதை விடவும் வெள்ளையாக இருக்காது என்று சொல்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். முட்டைக் காரை மெதுவாக அதன் மேல் இறக்கினேன். வேறு எந்தக் காராவது அந்த உப்புத் தோலில் ஏறியிருந்தால் கீழே கறுப்புச் சேற்றில் கூரைவரை போயிருக்கும். இது நின்றது. றவூப் இரண்டு கை உப்பு அள்ளி முன் நம்பர் தகட்டை மூடினான்.

அம்ஜத்துக்குப் பயணத்துக்கென்று வாங்கிய தடித்த குளிர்ச் சட்டை இருந்தது. கம்பளித் தொப்பியும் போட்டான். வெயில், சரீபின் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக் காருக்கு அடியில் படுத்திருக்கிற வெயில். பையன் உருகினான்.

“அங்கத்தக் காருக்கு ஸ்டியரிங் இடது பக்கம் மாமா” என்றான் அம்ஜத், வேர்வையைத் துடைத்துக்கொண்டு. “இத மாவனெல்லக்காரங்க பார்த்தா உடனே கண்டுபிடிப்பாங்க.”

அதற்கும் வழி இருந்தது. அவனை இடது பக்கச் சீட்டில் உட்காரவைத்து, வாடியிலிருந்து சோற்றுச் சட்டி மூடியை எடுத்துக் கையில் கொடுத்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் அசல் ஸ்டியரிங். கொஞ்சம் திருப்பிக் காட்டச் சொன்னேன், வளைவில் போகிற மாதிரி இருந்தது.

போனை றவூப் பிடித்தான். உப்பு வாருகிற கை நடுங்காது. நான் பின்னால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் தென்னை தெரிகிறது, விலக்கு. பண்ணைக் கொட்டில் தெரிகிறது, விலக்கு. சரீபின் சாரம் கொடியில் காய்கிறது, விலக்கு. ஒரு மணிக்கூண்டு போல நின்ற மின்கம்பத்தையும் விட்டுவைக்கவில்லை. கனடாவுக்கு ஒவ்வாத எதுவும் வரக்கூடாது என்று மூன்று ஆண்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம்.

“சிரி மகன்” என்றான் றவூப்.

“வாப்பா, சட்டைக்குள்ள தண்ணி ஓடுது.”

“குளிருக்குச் சிரிக்கிற மாதிரிச் சிரி.”

சிரித்தான். நல்ல படம்.

ஹாஜரா அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அலுமாரிக்கு மேல் வைத்தாள். தெருப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள், “கனடாவிலயும் முட்டைக் கார் இரிக்கே” என்று ஆச்சரியப்பட்டார்கள். மன்னாரிலிருந்து வந்து குடியேறிய அலீமாக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். “பனியில நிண்டும் கறுத்துத்தான் போயிருக்கிறான் புள்ள” என்றாள். யாரும் வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை றிஸ்மின் வந்தான். முட்டைக் காரை அன்றைக்குக் கொல்லையில் ஓலை போட்டு மூடிவைத்திருந்தேன். வெள்ளைச் சேட், கண்ணாடி, மெதுவான பேச்சு. ஹாஜரா இறால் பொரித்து, வட்டிலப்பம் அவித்து, வீட்டை இரண்டுமுறை கூட்டி வைத்திருந்தாள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு றிஸ்மின் அலுமாரிப் பக்கம் போய்ப் படத்தைக் கையில் எடுத்தான். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

“மாமி, இது என்ன மிருகம்?”

“எங்க மகன்?”

“காருக்குப் பின்னால. நாலஞ்சு ஈக்கி.”

ஹாஜரா எட்டிப் பார்த்தாள். “கழுதை மகன்.”

நானும் எழும்பிப் போய்ப் பார்த்தேன். கழுதைதான். வெள்ளை வெளியில் வரிசையாக, தலையைக் குனிந்து, உப்பை நக்கிக்கொண்டு. ஒன்று எங்களை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. தென்னையை விலக்கினோம், சாரத்தை விலக்கினோம். கழுதையை நாங்கள் யாருமே காணவில்லை. புத்தளத்துப் பிள்ளை பிறந்து கண் திறந்தால் உம்மாவுக்கு அடுத்தபடி காண்பது ரோட்டில் நிற்கிற கழுதையை. பள்ளிவாசலுக்கு முன்னால் கழுதை, பஸ் நிலையத்தில் கழுதை. மன்னாரிலும் அப்படித்தான். அதனால்தான் அலீமாக்காவின் கண்ணாடிக்கும் படவில்லை.

“கனடாவிலயா மாமி?” என்றான் றிஸ்மின்.

“கழுதை இல்லாத ஊரும் இரிக்கா மகன்?” ஹாஜராவுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

“எங்கட ஊர்ல இல்லயே.”

“அல்லாஹ்வே” என்றாள் ஹாஜரா, மனமார இரக்கப்பட்டு.

றவூப் சுவரில் சாய்ந்தான். முகம் அவன் கால் நிறத்துக்கு வந்துவிட்டது. இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். நாலு நாள் அவமானம், பிறகு பையன் வீட்டுக்கு வந்திருப்பான். ஆனால் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருந்தது. நல்ல காரணத்தை வீணாக்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

“தம்பி, பனி விழுந்தா ரோட்டுக்கு அங்க என்னத்தப் போடுறாங்க, தெரியுமா?”

றிஸ்மின் யோசித்தான். “உப்பு. என்ட கூட்டாளி ஒருத்தன் அங்க ஈக்கிறான். லொறி லொறியா உப்புக் கொட்டுறதுண்டு செல்லி ஈக்கிறான்.”

“உப்புக் கொட்டுற எடத்துக்குக் கழுதை வராம என்ன வரும்? மொதல்ல அங்க கழுதையே இல்ல. உப்பு ஏத்திப் போன கப்பல்ல எங்கட கழுதையும் கொஞ்சம் ஏறிட்டு. மோப்பம் புடிச்சிட்டுப் போன. இப்ப குட்டியும் போட்டுப் பெருகிட்டு. அந்த நடுவுல நிக்கிறதப் பாருங்க, கல்பிட்டிச் சாடை.”

றிஸ்மின் படத்தைத் திரும்பப் பார்த்தான். படித்தவர்களுக்குக் கழுதை பிரச்சினை இல்லை. காரணம் இல்லாத கழுதைதான் பிரச்சினை. காரணம் கிடைத்ததும் முகம் தெளிந்துவிட்டது. “கார் வடிவா ஈக்கி” என்றான். “சின்னக் கார்தான் அங்க எல்லாரும் விரும்புறதாம்.” போகும்போது நிக்காஹ்வுக்கு நாள் குறித்துவிட்டுப் போனான். மாப்பிள்ளை வரவேண்டியதில்லை, அவனுக்குப் பதில் நிற்க ஒரு வக்கீல் வைத்து முடித்துவிடலாம். பத்திரங்கள் சரியானதும் பிள்ளையைப் பிளேனில் ஏற்றி அனுப்பலாம் என்றான்.

ஹாஜரா எனக்கு இன்னொரு துண்டு வட்டிலப்பம் வைத்தாள். அதையும் தின்றேன்.

அடுத்த முறை முந்தலுக்குப் போனபோது அம்ஜத் வாடி வாசலில் சட்டையை மடித்து வைத்துக்கொண்டு நின்றான். றவூப் அன்றைக்கு வரவில்லை, காய்ச்சல் என்று வீட்டில் படுத்துவிட்டான்.

“மாமா, என்ன வூட்ட கொண்டுபோய் விடுங்க.”

“என்னடா அவசரம்?”

“உம்மா கோல்ல எல்லாம் சொன்னா, கழுதைக்கும் காரணம் கண்டுபிடிச்சிட்டீங்க. இனி எனக்குத் திரும்பி வர ஒரு வழியும் மிச்சமில்ல. அந்தப் புள்ளய எங்க கொண்டுவந்து வைக்கிற? இந்த வாடியிலயா?”

ஏறு என்றேன். மத்தியான லுஹருக்குப் பிறகு தெரு தூங்குகிற நேரமாகப் பார்த்துப் போனோம். கொல்லைப்புறத்தால் உள்ளே போனான்.

ஹாஜரா குசினி வாசலில் கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் போடுவாள், மயங்கி விழுவாள் என்று நான் அவளைப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவள் மீனைச் சட்டியில் வைத்தாள். கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். கழுவிய கையால் மகனின் முகத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“மெலிஞ்சிட்டாய்.”

“உம்மா, நான் கனடா போகல்ல.”

“இரு, சோறு போடுறன்.”

“முந்தல்ல இருந்தன் உம்மா. சரீப் மாமாட பண்ணையில.”

“கையக் கழுவு மகன்.”

காய்ச்சலோடு றவூப் அறையிலிருந்து எழும்பி வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சோறு போட்டு, ஆணம் ஊற்றி, மாசிச் சம்பல் வைத்தாள். அவன் தின்னத் தின்ன வைத்தாள். பிறகு எழும்பிப் போய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள்.

“ஆரும் கண்டாங்களா காக்கா?”

“இல்ல” என்றேன்.

“உம்மா, எனக்கு இனி ஏலா. நான் வூட்டயே இரிக்கப்போறன்.”

“இரி மகன். உன்ட வூடுதானே.” அவள் அவனுக்கு முன்னால் குந்தினாள். “அந்தப் புள்ளைக்கு என்னத்தச் செல்ற? புடவை எடுத்துட்டாங்களாம். இந்தத் தெருவுக்கு என்னத்தச் செல்ற? சோறு போட்டவ நான். வாப்பா பள்ளியில மொத சப்பு வரிசையில நிக்கிறவர், நாளைக்கு எங்க நிக்கிற?”

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

ஹாஜரா புருஷன் பக்கம் திரும்பினாள். “செல்லுங்களே. நீங்க இரிக்கச் செல்லுங்க, நான் கதவத் தொறந்து வைக்கிறன்.”

றவூப் வாயைத் திறந்தான். நாங்கள் மூன்று பேரும் அந்த வாயையே பார்த்தோம். உதடு அசைந்தது. பிறகு வாய் மூடிக்கொண்டது.

“காக்கா” என்றாள் ஹாஜரா. அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. “நீங்களாவது ஒண்டு செல்லுங்க. கழுதைக்குச் சொன்ன மாதிரி ஒண்டு. இவன் இஞ்ச இரிக்கிறதுக்கு ஒரு காரணம்.”

தேடினேன். காற்று தூக்கிப்போன காருக்கும் கப்பலேறிய கழுதைக்கும் காரணம் வைத்திருந்தவன், ஒரு மகன் தன் உம்மாவின் வீட்டில் இருப்பதற்கு ஒரு காரணம் தேடினேன். மீன் சட்டியில் ஈ மொய்த்தது, அதை விரட்டினேன்.

ஹாஜரா எழும்பினாள். மிச்சச் சோற்றை வாழையிலையில் வைத்து, ஆணத்தைப் போத்தலில் ஊற்றி, கடதாசியில் சுற்றினாள். பொட்டலத்தை அவன் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

“வெள்ளிக்கெழம றிஸ்மின் வாறார். அவர் இரிக்கக்குள்ள கோல் எடு மகன். அந்தப் பனி மெசின் சத்தம் கேக்குற எடத்துல நிண்டு எடு.”

அவன் உம்மாவின் கையை முத்தமிட்டான். வாப்பாவின் கையையும் முத்தமிட்டான். நாங்கள் வந்த வழியே போனோம்.

களப்புக் கரையால்தான் போகவேண்டும். வேகமாகப் போனால் தப்பியிருப்போம். முட்டைக் காருக்கு வேகம் கிடையாது. கரையில் நின்ற ஒரு குடும்பம் அதைக் கண்டதும் சிரித்துக்கொண்டே ரோட்டுக்கு நடுவில் வந்துவிட்டது. தகப்பன், தாய், பலூன் பிடித்த பெண்பிள்ளை ஒன்று. நிறுத்தினேன். அம்ஜத் தலையைக் குனிந்துகொண்டான். தகப்பன் ஜன்னல் பக்கம் வந்து போனை நீட்டினார்.

“தம்பி, கொஞ்சம் இறங்கி எங்கள ஒரு படம் எடுத்துத் தருவீங்களா? காரும் தண்ணியும் விழணும்.”

அம்ஜத் என்னைப் பார்த்தான். பிறகு இறங்கினான். சோற்றுப் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனைப் பிடித்தான். அவர்கள் மூவரும் காரில் சாய்ந்து நின்றார்கள். காற்று தாயின் முந்தானையை இழுத்தது. மகள் தாயின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நிமிர மாட்டேன் என்றாள்.

“உம்மாவ விட்டுட்டு இஞ்ச பாருங்க” என்றான் அம்ஜத். “கொஞ்சம் சிரிங்க.”

எடுத்தான். நன்றாக விழவில்லை என்று இன்னொன்றும் எடுத்தான். போனைக் கொடுத்துவிட்டு வந்து ஏறினான். முந்தல்வரை ஆணத்துப் போத்தலைச் சாயாமல் பிடித்துக்கொண்டு வந்தான்.

சத்தியம் செய்துதானே தொடங்கினேன், ஆகையால் இதையும் எழுதிவிடுகிறேன்: றவூபுக்கும் ஹாஜராவுக்கும் பிள்ளைகள் இல்லை, ஒருகாலமும் இருந்ததில்லை.